கழித்த ஆடையின் கதி

உடுத்திக் கழித்த ஆடையை எவ்வாறு அப்புறப்படுத்தினால் அது பொறுப்புள்ள காரியமாகும் என்ற கேள்வி, ஆயத்த ஆடைக் கடைகள் தெருவுக்குத் தெரு பெருகிவிட்ட இக்காலத்தில்தான் பிறந்தது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், துணி அரிதாகவும் விலையுயர்ந்ததாகவும் இருந்த காலத்திலேயே இக்கேள்வி எழுந்திருக்கிறது. துறவிகளும், ஸ்மிருதி இயற்றியவர்களும், ஆலை முதலாளிகளும், தேசத் தலைவர்களும் தத்தம் நோக்கிலிருந்து அதற்கு விடை பகர்ந்திருக்கிறார்கள். கந்தலாகும் வரை வீட்டிலேயே உபயோகிக்கவேண்டும் என்றனர் சிலர். இல்லாதவர்க்குக் கொடுத்துவிட வேண்டும் என்றனர் வேறு சிலர். விற்கலாம் என்றும், எரித்துவிடலாம் என்றும், பிரித்துப் பஞ்சாக்கி மறுபடி நூற்கலாம் என்றும் கூறியவர்கள் உண்டு. இவ்விடைகளை அவை தோன்றிய சூழலோடு சேர்த்து நோக்குவதும், ஒவ்வொன்றும் எவ்விடத்தில் தளர்ந்துபோகிறது என்று காண்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்விவாதம் பெரும்பாலும் கொடுப்பவரின் பக்கத்திலிருந்தே நடந்துவந்திருக்கிறது. அலமாரி காலியாயிற்றா, மனம் நிறைந்ததா என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. ஆனால் துணி ஒருவர் கையைவிட்டு நீங்கும்போது இல்லாமற் போய்விடுவதில்லை. வேறொருவர் கைக்கோ, வேறோர் ஊருக்கோ, ஏதேனும் ஒரு நீர்நிலைக்கோ போய்ச் சேருகிறது. அங்கே இருப்பவர் அதை வேண்டிப் பெற்றாரா, அல்லது மறுக்க இயலாமல் பெற்றாரா என்பதையே இவ்விடைகளை எடைபோடும் அளவுகோலாக இங்கே கொள்ளலாம்.

கந்தலாகும் வரை

நாமறிந்த விடைகளுள் மிகப் பழையதும், இன்றளவும் குறைகாண்பதற்கு அரியதுமாகிய ஒன்று பௌத்தர்களுடையது. விநய பிடகத்தின் சுல்லவக்கத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. உதயணன் என்று தமிழ்க் காவியங்களும் அறிந்த கோசாம்பி மன்னனின் அந்தப்புரப் பெண்டிர், ஆனந்தருக்கு ஐந்நூறு ஆடைகளை வழங்கிவிடுகின்றனர். துறவி ஒருவருக்கு இத்தனை ஆடைகள் எதற்கு, துணிக்கடை வைக்கப்போகிறாரா என்று ஐயுற்ற அரசன் நேரில் சென்று வினவுகிறான். நைந்த ஆடை உடுத்திய பிக்குகளுக்குப் பங்கிட்டுத் தருவோம் என்கிறார் ஆனந்தர். அவர்கள் களையும் நைந்த ஆடைகளை என்ன செய்வீர்கள் என்று அரசன் விடாமல் கேட்க, அவை படுக்கையின் மேல்விரிப்பாகும் என்றும், பழைய மேல்விரிப்பு மெத்தையுறையாகும் என்றும், பழைய உறை தரைவிரிப்பாகவும், அது பின்னர்க் கால் துடைக்கும் துணியாகவும், அதுவும் நைந்தால் தூசி தட்டும் துணியாகவும் ஆகும் என்றும், எதற்கும் உதவாமற் போன கடைசித் துண்டுகளைச் சிறுசிறிதாய்க் கிழித்துச் சேற்றோடு குழைத்துத் தரை மெழுகுவோம் என்றும் ஆனந்தர் விடையிறுக்கிறார். அரசன் மனநிறைவுற்று மேலும் ஐந்நூறு ஆடைகள் கொடுத்தனுப்பினான் என்று அந்நிகழ்ச்சி முடிகிறது.

இந்த விடையில் ஒரு விசேஷம் உண்டு. துணி அடையும் ஒவ்வொரு நிலையிலும் அதன் அடுத்த நிலை இன்னதென்று அதை உபயோகிப்பவருக்கே தெரிந்திருக்கிறது; ஓரிடத்திலும் அது அறியாதவர் தலையில் கட்டப்படுவதில்லை. தமிழ்நாட்டு இல்லங்களில் இரண்டு மூன்று தலைமுறைக்கு முன் வரை நிலவிய வழக்கமும் இதனின்றும் வேறானதன்று. கைத்தறிச் சேலை நைந்தால் குழந்தைக்குத் தூளியாகும். பாட்டனாரின் பழைய வேட்டி, பலநாள் வெளுத்து மென்மையுற்ற காரணத்தினாலேயே, பிறந்த சிசுவின் இடுப்புத் துணிக்குப் புதுத்துணியைக் காட்டிலும் உகந்ததாகக் கருதப்பட்டது. அதற்குப் பின்னர் அடுப்பங்கரையில் பிடிதுணி, பிறகு கரித்துணி. கிழித்துத் திரித்தால் அகல் விளக்குக்குத் திரி. வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் காந்தாவும், பீகாரின் சுஜனியும் இதே சிந்தனையின் கலைவடிவங்கள் எனலாம்.

எனினும் இவ்விடை பருத்தியை நம்பி நின்றது என்பதை மறுக்கவியலாது. இன்று உலகில் உற்பத்தியாகும் இழைகளில் பாதிக்கு மேற்பட்டது பாலியஸ்டர். 2023-ஆம் ஆண்டுக் கணக்கில் அதன் பங்கு நூற்றுக்கு 57. பாலியஸ்டர்ச் சேலை நீரை உறிஞ்சாதாகையால் தரை துடைக்க உதவாது; கொதிக்கும் பாத்திரத்தை அதனால் பிடித்து இறக்கினால் கை வேகும்; திரியாகத் திரித்தால் உருகிச் சொட்டும். சேற்றோடு குழைத்தாலும் மண்ணோடு மண்ணாகாது. அன்றியும், வீட்டில் துணி இவ்வாறு படிப்படியாக இறங்கிவந்ததற்கு, கூலியின்றிக் கிழித்தும் தைத்தும் ஒட்டுப்போட்டும் வந்த பெண்களின் உழைப்பே ஆதாரமாக இருந்தது; பழைய வழக்கத்தைப் போற்றி எழுதுவோர் இதனைக் கவனிப்பது அரிது. துணியின் தொகை மற்றொரு தடை. ஒரு குடும்பத்துக்கு எத்தனை கரித்துணி வேண்டும்? ஆண்டுக்கு நாற்பது ஐம்பது உருப்படிகள் வாங்கும் வீட்டில், இறங்குவதற்குப் படிகள் இருந்தும் இடம் இல்லை.

ஆயினும், உடுத்தும் காலத்தையே நீட்டவேண்டும் என்னும் இதன் மூலக்கருத்து வலிமை குன்றவில்லை. இங்கிலாந்தின் ராப் என்னும் ஸ்தாபனம் 2012-இல் வெளியிட்ட அறிக்கை, ஓர் ஆடையை மேலும் ஒன்பது மாதம் உடுத்தினால் அதனால் விளையும் கரியமிலவாயு, நீர்ச்செலவு, கழிவு ஆகியவற்றின் பாரம் நூற்றுக்கு இருபது முதல் முப்பது வரை குறையும் என்று மதிப்பிட்டது. அப்புறப்படுத்தும் முறைகளைப் பற்றிய ஆராய்ச்சி அனைத்தையும்விட, அப்புறப்படுத்துவதைத் தள்ளிப்போடுவது பயன் மிக்கது என்பதற்கு இதனை ஒரு சான்றாகக் கொள்ளலாம்.

தானமும் கௌரவமும்

பழந்துணியைப் பிறர்க்குக் கொடுத்துவிடுவதே அறம் என்னும் அபிப்பிராயம் மிகப் பரவலானது. ஆனால் அதன் பழைய வரலாறு கருணையை மட்டும் காட்டவில்லை. எஞ்சிய உணவையும் நைந்த ஆடையையும் தன்னை அண்டி ஏவல் செய்யும் சூத்திரனுக்குக் கொடுக்கவேண்டும் என்று மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் விதிக்கிறது. பிணத்தின் ஆடைகளே சண்டாளரின் உடை என்றும் அதே அத்தியாயம் வகுக்கிறது. தமிழகத்துக் கிராமங்களில் இறந்தவரின் துணியும், பூப்பு, பிரசவம் முதலிய காலங்களின் துணியும் வண்ணார் குடும்பத்தைச் சேர்வது வழக்கமாயிருந்தது. தீட்டென்று கருதி ஒருவர் நீக்கியதை, வேண்டாம் என்று சொல்லும் உரிமையற்ற மற்றொருவர் ஏற்றுக்கொண்டார். ஏற்பவர் மறுக்கவியலாத இடத்தில் தானம் என்ற சொல்லுக்குப் பொருள் இல்லை என்றே கூறவேண்டும். வீட்டு வேலை செய்யும் அம்மாளுக்குத் தீபாவளிக்கு முன்னாள் பழஞ்சேலைகளை மூட்டையாகக் கட்டிக் கொடுக்கும் இன்றைய வழக்கத்திலும் அந்தப் பழைய உறவின் சாயல் முற்றும் மறைந்துவிட்டது என்பதற்கில்லை.

மேல்நாட்டில் தானம் வேறொரு பாதையில் சென்றது. 1890-இல் இரட்சணிய சேனையின் ஸ்தாபகர் வில்லியம் பூத், வீடுகளில் கழிக்கப்படும் பொருள்களைத் திரட்டி வேலையற்றோரைக் கொண்டு சீர்செய்து விற்கும் திட்டமொன்றைத் தம் நூலில் விவரித்தார். 1902-இல் பாஸ்டன் நகரத்து மெதடிஸ்ட் போதகர் எட்கர் ஹெல்ம்ஸ் தொடங்கிய குட்வில் இயக்கமும், 1940-களின் இறுதியில் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் திறக்கப்பட்ட ஆக்ஸ்ஃபாம் கடையும் அவ்வழியில் வந்தவை. கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் நடுவே ஒரு கடை நுழைந்தது இம்முறையின் சிறப்பு. வாங்குபவர் தமக்கு வேண்டியதைத் தேர்ந்து, குறைந்த விலையேனும் கொடுத்துப் பெறுகிறார். நன்றிக்கடன் எவருக்கும் இல்லை. ஆனால் கடைக்கு வந்து குவியும் துணி யாவும் விலைபோவதில்லை. எஞ்சியது எடைக்கணக்கில் வியாபாரிகளிடம் போகிறது. அது எங்கே போய்ச் சேருகிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

தானத்தின் குறைபாடு தமிழ் மண்ணில் பிரத்தியட்சமாய்த் தெரிந்தது 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலைக்குப் பின்னர். நாகப்பட்டினம் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களுக்கு நாட்டின் பல பாகங்களிலிருந்தும் பழந்துணிகள் லாரி லாரியாக வந்திறங்கின. உற்றாரையும் படகையும் வலையையும் ஒருசேர இழந்து நின்ற நிலையிலும் மீனவக் குடும்பங்கள் அவற்றுள் பெரும்பகுதியை ஏற்க மறுத்தன. துணிகள் சாலையோரங்களில் குவியல் குவியலாய்க் கிடந்து வீணாயின. இதனைச் செய்நன்றி அறியாமை என்று சிலர் அப்போது பேசினர். கடலில் உழைத்துத் தம் வீட்டார்க்குப் புதுத்துணி எடுத்து வாழ்ந்தவர்கள், முன்பின் அறியாதவர் கழித்ததை உடுத்த மனங்கொள்ளவில்லை என்பதே உண்மை. பொத்தான் அறுந்த சட்டையும், நாடா உருவிய பாவாடையும், ஜோடியில் ஒன்று மட்டும் உள்ள உடையும் அத்தகைய மூட்டைகளில் எங்கும் காணப்படுபவை. அவற்றைக் கட்டும்போது பெறுபவரின் முகம் கட்டியவரின் நினைவில் இருந்திருக்க முடியாது.

இக்குறையை நேராக எதிர்கொண்டதாக, 1999-இல் அன்ஷு குப்தா தில்லியில் நிறுவிய கூஞ்ச் அமைப்பைச் சொல்லவேண்டும். நகரங்களில் திரட்டிய துணியைத் தரம்பிரித்து, குடும்பத்துக்கேற்பத் தொகுத்து, கிராமத்தார் தம் ஊருக்கு வேண்டுமென்று தாமே முடிவுசெய்து முடிக்கும் கிணறு வெட்டுதல், பாதை சீரமைத்தல் முதலிய வேலைகளுக்கு ஈடாக அது அளிக்கிறது. உடுத்தவொண்ணாத பருத்தித் துணி, மாதவிடாய்க் காலத்துக்கான சுத்தமான துணிகளாக மாற்றப்படுகிறது. 2015-இல் குப்தாவுக்கு மகசேசே விருது கிடைத்தது. பெறுபவரை இரப்பவராக அன்றி உழைப்பவராக நிறுத்துவது இதன் பெருமை. உழைப்புக்கு ஈடு பணமாக இருத்தலே முறையல்லவா என்ற ஆட்சேபம் எழக்கூடும். கிராமத்தார் தமக்கே செய்துகொள்ளும் வேலைக்கு இது கூலியன்று, பாராட்டு என்று அதற்கு விடை கூறலாம். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. 2015-இல் ஈரானின் மஷ்ஹத் நகரில் தோன்றி, பின்னர்த் திருநெல்வேலி முதலிய ஊர்களில் ‘அன்புச் சுவர்’ என்ற பெயரோடு அமைந்த ஏற்பாடோ, வேண்டியவர் வேண்டியதை எவர் கண்ணுக்கும் கடன்படாமல் எடுத்துச் செல்ல வழிசெய்தது; நாள்தோறும் சுவரைக் கவனித்துக் கந்தலை அகற்றுவார் இல்லாவிடில், அதுவும் விரைவில் குப்பைமேடாகிவிடும்.

எரியும் ஆறும்

பழந்துணியை எரிப்பதைப் பொறுப்புள்ள செயல் என்று இன்று கூறுவார் இல்லை. ஆயினும் இந்திய சரித்திரத்தில் இக்கேள்வியைப் பற்றிய மிக ஆழ்ந்த விவாதம் நெருப்பை முன்னிட்டே நடந்தது. 1921 ஜூலை 31-ஆம் தேதி பம்பாயின் பரேல் பகுதியில் காந்தியடிகள் முன்னிலையில் அந்நியத் துணிகள் பெருங்குவியலாகக் கொளுத்தப்பட்டன. அவருடைய நெருங்கிய நண்பரான சார்லஸ் ஆண்ட்ரூஸ் இதனால் வேதனையுற்று எழுதினார். அரைநிர்வாணமாய் வாழும் மக்கள் கோடிக்கணக்கில் உள்ள நாட்டில் துணியை எரிக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்ற பொருள்பட ரவீந்திரநாத் தாகூரும் அவ்வாண்டே வாதித்தார். காந்தியடிகளின் மறுமொழி இன்றைய வாசகரைச் சிந்திக்க வைப்பது. தாம் உடுத்தத் தகாதென்று விலக்கிய ஒன்றை ஏழைக்கு ஈவது ஏழையை அவமதிப்பதாகும் என்றும், அவனுக்கு வேண்டுவது பிறர் கழித்த துணியன்று, தன் துணியைத் தானே தேடிக்கொள்ளத்தக்க வேலையே என்றும் அவர் கருதினார். அதே ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி மதுரையில் அவர் தம் உடையையே அரைத்துண்டாகக் குறைத்துக்கொண்டதை இவ்விவாதத்தோடு சேர்த்துப் படிப்பவருக்கு, அவர் பிறருக்குச் சொன்ன விதியைத் தம் உடலுக்கும் பொருத்தினார் என்பது விளங்கும்.

இவ்விருவரில் யார் பக்கம் நியாயம் என்று எளிதில் தீர்ப்புச் சொல்லவியலாது. தாகூர் துணியின் பயனைக் கண்டார். காந்தியடிகள் கொடுப்பவன் மனத்தைக் கண்டார். நாகப்பட்டினத்துச் சாலையோரங்களை நினைக்கும்போது காந்தியடிகளின் வாதம் வலுப்பெறுகிறது. குளிரில் நடுங்கும் ஒருவனை நினைக்கும்போது தாகூரின் வாதமே நெஞ்சைத் தொடுகிறது.

போகியன்று பழையன கழித்தல் என்ற பெயரால் நாம் மூட்டும் தீயைப் பற்றி இத்தகைய ஐயம் எழ வேண்டியதில்லை. வைக்கோலும் பாயும் பருத்திக் கந்தலும் எரிந்த காலத்து வழக்கம், பாலியஸ்டரும் டயரும் எரியும் காலத்தில் நச்சுப்புகையாய் மாறிவிட்டது. 2018-இல் போகிப் புகையும் பனியும் கலந்து சென்னை விமான நிலையத்தின் போக்குவரத்தையே குலைத்தன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் வேண்டுகோள் விடுக்கிறது. சென்னை மாநகராட்சியோ, எரிக்காமல் எங்களிடம் தாருங்கள் என்று பழந்துணியைக் கேட்டு வாங்குகிறது. ஆற்றில் விடும் வழக்கமும் இவ்வாறே. பாபநாசத்தில் தாமிரபரணியிலும், திருநள்ளாற்று நளதீர்த்தத்திலும், இராமேசுவரத்து அக்கினி தீர்த்தத்திலும் பரிகாரத்தின் பேரால் ஆடைகளைக் களைந்து விட்டுச்செல்லும் ஜனங்கள், தம்மைப் பிடித்த தோஷம் துணியோடு போயிற்று என்று நம்புகின்றனர். அத்துணி ஆற்றுப்படுகையில் பாறைகளிலும் மரவேர்களிலும் சுற்றிக்கொண்டு, ஆண்டுகள் சென்றும் மக்காமல், திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் குடிநீர் தரும் நதியை மூச்சுத்திணற வைக்கிறது. இங்கே பெறும் கை நதியினுடையது. அது மறுத்துப் பேசாது என்பதால்தான் இவ்வழக்கம் நீடிக்கிறது.

வாணிகம் கண்ட வழி

பழைய துணிக்குப் பாத்திரம் என்று தெருவில் கூவி வருபவரிடம் நம் தாய்மார்கள் நெடுங்காலமாகப் பண்டமாற்றுச் செய்துவந்திருக்கிறார்கள். சேலையை முழுநீளம் விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நைவு பார்ப்பதும், சட்டையின் கழுத்துப்பட்டியையும் பேண்ட்டின் முழங்காலையும் தடவிப் பார்ப்பதும், எவர்சில்வர்ச் சம்புடத்துக்கு இன்னும் இரண்டு துணி வேண்டும் என்று வாதாடுவதும் அவ்வாணிகத்தின் இலக்கணம். ஜரிகைப் பட்டுச்சேலைக்கு மதிப்பே வேறு. ஜரிகையை உருக்கி வெள்ளியைப் பிரிக்கலாம். வட இந்தியாவில் இத்தொழிலைச் செய்யும் வாக்ரி சமூகத்துப் பெண்களையும், தில்லி ரகுபீர் நகரில் விடியுமுன் கூடும் அவர்களுடைய சந்தையையும் மானிடவியலாளர் லூசி நாரிஸ் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இவ்வாணிகத்தில் தானத்துக்குரிய ஏற்றத்தாழ்வு குறைவு. வாங்குபவர் துணியின் தரமறிந்து, வேண்டாததை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறார். இவ்வொரு காரணத்தாலேயே, இதுகாறும் கண்ட வழிகளுள் இது கவனிப்புக்கு உரியதென்று நாம் கருதுகிறோம்; படித்தவர்கள் இதைப் பொருட்படுத்தாதது வருந்தத்தக்கது.

கடல்கடந்த வாணிகத்தில் அந்த உரிமை இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து ஏற்றுமதியான பழந்துணி 2000-ஆம் ஆண்டில் சுமார் ஐந்தரை லட்சம் டன். 2019-இல் ஏறத்தாழ பதினேழு லட்சம் டன். அதில் நூற்றுக்கு 46 ஆப்பிரிக்காவுக்கும் 41 ஆசியாவுக்கும் சென்றது. கானாவின் தலைநகர் அக்ராவிலுள்ள கந்தமந்தோ சந்தையில் வணிகர் ஒருவர், சுமார் ஐம்பத்தைந்து கிலோ எடையுள்ள பொதியை, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாமலே விலைகொடுத்து வாங்குகிறார். கட்டை அறுத்த பின்னரே அவருடைய அன்றைய லாபநஷ்டம் தெரியும். நல்ல சட்டைகள் இருந்தால் பிழைப்பு. கறைபட்டதும் கிழிந்ததுமாக இருந்தால் கடன். அப்பொதிகளைத் தலையில் சுமந்து குறுகிய சந்துகளில் நடப்பவர்கள் பெரும்பாலும் வடபகுதியிலிருந்து வந்த இளம்பெண்கள். விலைபோகாதது சாக்கடை வழியாகக் கடலுக்குச் சென்று, கரையில் மணலோடு பின்னிய கயிறுகளாய் ஒதுங்குகிறது. இச்சந்தையின் பெரும்பகுதி 2025 ஜனவரித் தொடக்கத்தில் தீக்கிரையாயிற்று.

இவ்வாணிகத்தின் விளைவுகளைப் பற்றி அறிஞரிடையே ஒத்த கருத்து இல்லை. பொருளியலாளர் கார்த் ஃப்ரேஸர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், 1981 முதல் 2000 வரை ஆப்பிரிக்க ஆடை உற்பத்தியில் நேர்ந்த வீழ்ச்சியில் நூற்றுக்கு நாற்பது பங்கும், வேலையிழப்பில் ஐம்பது பங்கும் பழந்துணி இறக்குமதியால் விளைந்தவை என்று மதிப்பிட்டார். சாம்பியாவின் பழந்துணிச் சந்தைகளை ஆராய்ந்த கேரன் ஹான்சென் வேறு கோணத்தில் பார்த்தார்: அங்குள்ளோர் எதையும் அப்படியே ஏற்பவரல்லர், தேர்ந்து, பிரித்து, தைத்துத் தம் ரசனைக்கேற்ப மாற்றிக்கொள்கிறார்கள், அதனால் தையற்காரரும் சிறுவணிகரும் வாழ்கிறார்கள் என்றார். உள்நாட்டு ஆலைகள் நலிந்ததற்கு இறக்குமதித் தடைகளின் தளர்வும் கிழக்காசியப் புதுத்துணியின் மலிவும் காரணங்களாகலாம் என்பது அவ்வாதத்துக்குத் துணைசெய்வது. அக்ராவின் கழிவைப் பற்றிய கணக்கிலேயே பெரும் பிணக்கு இருக்கிறது. அங்கு பணிபுரியும் ஓ.ஆர். அறக்கட்டளை, வரும் துணியில் நூற்றுக்கு நாற்பது கழிவாகிறது என்கிறது. பழந்துணி வணிகர் சங்கமோ ஐந்துக்கு மேல் இல்லை என்கிறது. ஒரு சாராருக்குத் தொண்டும் மறுசாராருக்குப் பிழைப்பும் அந்த எண்ணில் அடங்கியிருப்பதால், இரண்டையும் எச்சரிக்கையோடு ஏற்கவேண்டும்.

வேண்டாம் என்று சொல்ல முயன்ற நாட்டின் அனுபவமும் உண்டு. 2016-இல் ருவாண்டா பழந்துணிக்கான சுங்கவரியைக் கிலோவுக்கு 20 சென்ட்டிலிருந்து இரண்டரை டாலராக உயர்த்தியது. அமெரிக்கா, ஆப்பிரிக்க நாடுகளுக்கு அளித்துவந்த வரிச்சலுகையில் ருவாண்டாவின் ஆடைகளுக்கு உரியதை 2018-இல் நிறுத்திவைத்தது. கழித்த துணியை வாங்க மறுப்பதும் தண்டனைக்குரியதாகும் உலகில், அதனை நன்கொடை என்று வருணிப்பது எவ்வாறு பொருந்தும்?

நூலுக்கு மீண்டும் நூல்

துணியைப் பிரித்து இழையாக்கும் யோசனையும் புதிதன்று. மரக்கூழ் வருமுன் காகிதமே கந்தலிலிருந்துதான் செய்யப்பட்டது. 1813-இல் யார்க்‌ஷயரின் பேட்லி ஊரில் பெஞ்சமின் லா என்பவர், கிழிந்த கம்பளித் துணியை யந்திரத்தில் பிய்த்துப் புதுக்கம்பளியோடு கலந்து நூற்கும் ‘ஷாடி’ முறையைத் தொடங்கினார் என்பர். அத்தொழில் பின்னர் அரியானாவின் பானிப்பத்துக்குக் குடிபெயர்ந்தது எனலாம். வெளிநாட்டுப் பழந்துணி உடையாக உள்நாட்டுச் சந்தையில் புகுந்துவிடாதிருக்க, வெட்டிச் சிதைத்த பின்னரே அது நாட்டுக்குள் வரவேண்டும் என்பது இந்திய அரசின் விதி. பானிப்பத்துக் கிடங்குகளில் பெண்கள், நம் அரிவாள்மனையைப் போன்று நிமிர்த்திப் பதித்த கத்திகளுக்கு முன் அமர்ந்து, கோட்டுகளிலிருந்து பொத்தானையும் ஜிப்பையும் உள்துணியையும் அறுத்தெறிகின்றனர். பின்னர்ச் சிவப்பு ஒரு குவியல், நீலம் ஒரு குவியல் என நிறவாரியாகப் பிரித்து யந்திரத்துக்கு அனுப்புகின்றனர். நிறம் அதிலேயே இருப்பதால் சாயம் ஏற்றவேண்டியதில்லை. பேரிடர்க் காலங்களில் தொண்டு நிறுவனங்கள் வாங்கி வழங்கிய கனத்த கம்பளிகளுள் பல அங்கு நெய்யப்பட்டவை. பாலியஸ்டர்க் கம்பளிகள் மலிந்த பின்னர் அத்தொழில் தளர்ந்து, ஆலைகள் பலவும் புதுப் பாலியஸ்டருக்கே மாறிவிட்டன.

திருப்பூர், கோவை வட்டாரங்களில் பனியன் கட்டிங் வேஸ்ட்டைப் பஞ்சாக்கி ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்களில் நூலாக்கும் தொழில் செழித்திருப்பதைக் காட்டி, பழந்துணிக்கும் இதுவே வழி என்று சிலர் கூறுகின்றனர். ஆனால் வெட்டுத் துண்டு வேறு, உடுத்திக் கழித்த ஆடை வேறு. முன்னதன் இழையும் சாயமும் ஆலைக்காரருக்குத் தெரியும். பின்னதில் பருத்தியும் பாலியஸ்டரும் ஸ்பாண்டெக்ஸும் எவ்வளவு கலந்துள்ளன என்று யாருக்கும் தெரியாது, பொத்தானும் அச்சுப்படமும் வேறு ஒட்டிக்கொண்டிருக்கும். யந்திரத்தில் பிய்க்குந்தோறும் இழை குட்டையாவதால், புதுப்பஞ்சு சேர்த்தாலன்றி நூல் வலுப்பெறுவதும் இல்லை. கழித்த ஆடைகள் மீண்டும் ஆடையாவது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்று எல்லன் மெக்கார்தர் அறக்கட்டளை 2017-இல் மதிப்பிட்டதன் காரணம் இதுவே. ரசாயன முறையால் இத்தடையை வெல்ல முயன்ற ஸ்வீடனின் ரினியூசெல் நிறுவனம், சுண்ட்ஸ்வால் நகரில் பேராலை அமைத்தும், புதுக்கூழைவிட விலை கூடிய அதன் கூழைப் போதிய அளவு வாங்குவார் இன்மையால், 2024 பிப்ரவரியில் திவாலாயிற்று. வேறொருவர் கையில் அம்முயற்சி தொடர்கிறது. மறுசுழற்சிப் பாலியஸ்டர் என்று கடைகளில் விளம்பரப்படுத்தப்படுவதில் பெரும்பாலானது பழைய சட்டையிலிருந்து வந்ததன்று, தண்ணீர் பாட்டில்களிலிருந்து வந்தது என்பதையும் வாங்குவோர் அறிந்திருத்தல் நலம்.

யாருடைய பொறுப்பு

இதுவரை கண்ட விடைகள் யாவும் உடுத்தியவரையே பொறுப்பாளியாக்கின. உற்பத்தி செய்தவரும் பொறுப்பேற்கவேண்டும் என்னும் வாதம் பிரான்ஸில் 2007-இல் சட்டவடிவம் பெற்றது. விற்கும் ஒவ்வோர் ஆடைக்கும் ஒரு சிறுதொகையை நிறுவனங்கள் செலுத்த, அதைக்கொண்டு பழந்துணி திரட்டப்பட்டுத் தரம்பிரிக்கப்படுகிறது. 2025 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் துணியைத் தனியே சேகரித்தல் கட்டாயமாயிற்று. அவ்வாண்டே திருத்தப்பட்ட சட்டம் உற்பத்தியாளர் பொறுப்பையும் ஒன்றியம் முழுமைக்கும் விரித்தது. கலிபோர்னியா மாநிலம் 2024-இல் இத்தகைய சட்டமொன்றை இயற்றியது. ஆடை எத்தனை மலிவாக, எத்தனை கலப்பாக நெய்யப்படவேண்டும் என்று தீர்மானிப்பவரிடமே அதன் இறுதிச் செலவைக் கேட்பது நியாயமானது என்பதில் ஐயமில்லை. கட்டணம் மிகச் சிறிதாயின் அது உற்பத்தியைக் குறைக்காது, மனச்சாந்தியை மட்டும் அளிக்கும் என்ற ஆட்சேபமும் புறக்கணிக்கத்தக்கதன்று.

தீராது நிற்பவை

ஒரு பழைய ஆடை எத்தனை புது ஆடைகளின் இடத்தை நிரப்புகிறது என்பது, இத்துறையின் கணக்குகள் அனைத்துக்கும் அடித்தளமாயிருந்தும், நன்கு நிறுவப்படாத ஒன்று. 2010-இல் ஸ்வீடன், எஸ்டோனியா நாடுகளைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு, நூறு பழைய ஆடைகள் வாங்கப்பட்டால் அறுபது முதல் எண்பத்தைந்து வரை புது ஆடைகள் தவிர்க்கப்படுகின்றன என்றது. மலிவுவிலை ஆடை பன்மடங்கு பெருகியபின் அவ்விகிதம் நிலைத்திருக்குமா என்பது ஐயம். கொடுத்துவிடலாம் என்ற நிம்மதியே மேலும் வாங்கத் தூண்டுகிறது என்பாரின் கூற்றையும் முற்றும் தள்ளவியலாது. கலப்பிழையைப் பிரிக்கும் ரசாயனம் என்று லாபகரமாகும் என்பதை இன்று எவரும் உறுதிகூற முடியாது.

இவற்றுக்கிடையே ஓரளவு துணிந்து சொல்லத்தக்கவை சில உண்டு. உடுத்தத்தக்க ஆடை, பெறுபவரை அறிந்து அல்லது அவர் தேர்ந்தெடுக்கும் வாய்ப்போடு சென்றால் நன்று. பருத்திக் கந்தலுக்கு வீட்டிலேயே இன்னும் வேலை இருக்கிறது. எதற்கும் உதவாத பாலியஸ்டர்த் துணி தீயிலும் ஆற்றிலும் விழாமல் உலர்கழிவாக உள்ளாட்சியின் கைக்குச் சேர்வதே இப்போதைக்குத் தீங்கு குறைந்தது. அங்கிருந்தும் அது பெரும்பாலும் சிமெண்டு ஆலையின் உலைக்கே எரிபொருளாகப் போகிறது. இதை நல்ல முடிவென்று சொல்ல மனம் ஒப்பவில்லை, வேறு முடிவு கைவசம் இல்லை என்பதே நிலைமை.

பொறுப்பு உற்பத்தியாளரைச் சேரும் என்று சட்டங்கள் ஏற்கத் தொடங்கிவிட்டபின், பாரிஸில் வசூலான தொகை துணியோடு சேர்ந்து அக்ராவுக்கும் பானிப்பத்துக்கும் செல்லவேண்டுமா என்ற வழக்கே இனி முக்கியமானதாகத் தோன்றுகிறது. பொதி சுமப்பவரும், தரம்பிரிப்பவரும், நம் ஊர்க் குப்பைக்கிடங்கில் ஈரத்துணியை இழுத்துப் பிரிக்கும் துப்புரவுப் பணியாளரும் செய்யும் வேலைக்கான கூலி, ஆடையின் விலையில் எந்த இடத்திலும் இதுவரை சேர்க்கப்படவில்லை. அதைச் சேர்த்தால் சட்டையின் விலை எவ்வளவு உயரும், அவ்வுயர்வை வாங்குவோர் ஏற்பார்களா, ஏற்காவிடில் அரசு ஈடுகட்டுமா என்பவற்றை ஆராய்ந்து கூறும் பணி பொருளியலாளர்களுக்கு முன் நிற்கிறது.